பதினான்கு மணி நேரத்தின் மேல் போட்ட கோடு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நித்யா என்றொரு பெண் எனக்குப் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது பொறியாளராக இருப்பவர். நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. ஒரு பழைய வரைபடத்தின் மூலையில், ‘வரைந்தவர்’ என்ற கட்டத்துக்குள் இருந்த ‘ச.வி.’ என்ற இரண்டு எழுத்தை வைத்து விசாரித்து, என் எண்ணைப் பிடித்திருந்தார்.

“மேடம், ஒரு வளைகுடாவோட அடிநீரோட்டம் பத்தி நீங்க வரைஞ்ச ஷீட் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. அதே வளைகுடாவ இப்ப கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறோம். சாதாரண நாள்ல எங்க கோடும் உங்க கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது. புயல் வந்த அன்னைக்கு மட்டும் எங்களோடது தாறுமாறா போவுது. உங்க ஷீட்ல புயலே வந்த மாதிரி தெரியல. எங்களோடது தப்பா?”

“இல்லம்மா. உங்களோடதுதான் சரியா இருக்கும்.”

“அப்ப ஷீட்ல இருக்கற கோடு?”

“அந்த இடத்துல மட்டும் அது நானா போட்டது.”

 நடந்ததை எழுதித் தர முடியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அவருக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அலுவலகத்துக்கு அது போதும். எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். வளைகுடாவின் பெயரையும் அங்கிருந்த ஆலையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றது தெரிந்துவிடும்.

ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்ததும் வரைபட வேலை கிடைக்கவில்லை. ஒரு மாலை நாளிதழில் ஒன்றரை ஆண்டு புரூப் பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கொடுத்த பத்தியை மட்டும் பார்க்காமல் பக்கத்துப் பத்தியிலும் கண்ணை ஓட்டுவது. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த கடலாய்வு நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் சேர்ந்தேன். துறைமுகம் கட்டுகிறவர்கள், கடலுக்குள் குழாய் போடுகிறவர்கள், எல்லோருக்கும் நீரோட்டத்தை அளந்து அறிக்கை கொடுப்பது அந்த நிறுவனத்தின் வேலை. அளந்து வந்த எண்களைக் கோடாக்குவது என் வேலை. முப்பத்தோரு ஆண்டு செய்தேன்.

அலுவலகம் மாடியில். கீழ்த்தளத்தில் போல்ட் அடிக்கும் ஒரு பட்டறை. அதன் பிரஸ் விழும்போதெல்லாம் என் மேஜை அதிரும், பேனா நடுங்கும். இரண்டு அடிகளுக்கு நடுவில் கோட்டை இழுக்கப் பழகிக்கொண்டேன். கடல் அங்கிருந்து வெகு தூரம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ, ஆவடியிலிருந்து பட்டரவாக்கத்துக்கு ரயில், அங்கிருந்து நடை. என் கடல் இந்தப் பாதைக்குள்தான் இருந்தது. அந்த வளைகுடாவின் கரையை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், ஒருமுறையும் போய்ப் பார்த்ததில்லை.

கடலுக்குப் போகிறவர் காசிம் பாய். பூந்தமல்லிக்காரர். நீரோட்டம் அளக்கும் கருவியை, நாங்கள் மீட்டர் என்போம், பழுது பார்ப்பதும் படகில் கொண்டுபோய் இறக்குவதும் எடுத்து வருவதும் அவர். உருளை மாதிரி ஒரு உடம்பு, தண்ணீர் ஓடினால் சுற்றும் ஒரு சக்கரம், திசையைக் காட்ட உள்ளே ஒரு காம்பஸ். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் திசையையும் உள்ளே இருக்கும் நாடாவில் பதிந்துகொள்ளும். எடுத்து வந்த நாடாவை இயந்திரத்தில் போட்டால் இரண்டு பக்கமும் துளை போட்ட அகலக் காகிதத்தில் எண்களாக அச்சாகி வரும். கடலில் இறக்குவதற்கு முன்பும் பின்பும் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த நீளமான சிமென்ட் தொட்டியில் மீட்டரைப் போட்டு இழுத்துப் பார்ப்பார். தொட்டிப் பக்கம் நாங்கள் போனால், “செருப்ப அங்கயே உட்டுட்டு வா. மண்ணு உளுந்தா உங்க சாரு என்னத்தான் மேய்வாரு” என்பார்.

அந்த சார் சதாசிவம். பிரிவின் தலைவர். யாரையும் ‘நீ’ என்று அழைத்துக் கேட்டதில்லை. டீ கொண்டுவருபவரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். குரலை உயர்த்தமாட்டார். அச்சாகி வந்த காகிதத்தை மேஜையில் விரித்து, ஒரு எஃகு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்துவார். ஒத்துவராத எண் வந்தால் சிவப்புப் பென்சிலால் அடிப்பார். அடித்தால் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது அவரே வைத்த விதி. “காரணம் இல்லாம சிவப்பு இல்லை” என்பார். அடித்த இடத்தை நீலப் பென்சிலால் புள்ளிக்கோடாகக் காட்டிவிட்டு என்னிடம் தருவார். அளந்த இடம் முழுக்கோடு, அளக்காத இடம் புள்ளிக்கோடு. பார்க்கிறவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் வரைபடத்தின் நாணயம் என்று ஒருமுறை சொன்னார்.

நான் மையில் வரைந்து முடித்ததும் இருவரும் உட்கார்ந்து சரிபார்ப்போம். அவர் காகிதத்திலிருந்து எண்ணை வாசிப்பார். நான் வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டு “சரி சார்” என்பேன். நேர்மையான முறைதான். அதில் ஒரு ஓட்டை இருந்ததை அப்போது இருவரும் கவனிக்கவில்லை. எண் உள்ள இடத்தை மட்டும்தான் சரிபார்த்தோம். அடிக்கப்பட்ட இடத்தில் வாசிக்க எண் கிடையாது, அதனால் அந்த இடத்தை யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

வளைகுடா வேலை வந்தது ஒரு ரசாயன ஆலைக்காக. அதன் கழிவு உப்பு நீர். கடல் நீரைவிடக் கனம், வெளியே விட்டால் அடியில் படியும். வளைகுடா கிழக்கே பார்த்துத் திறந்திருக்கும். அதன் வாயில், கரையிலிருந்து நான்கு கிலோமீட்டரில், தரையோடு தரையாகக் குழாயின் முனையை வைக்கத் திட்டம். அடியில் ஓடும் நீர் கழிவை வெளியே கொண்டுபோகுமா, உள்ளே கொண்டுவருமா என்பது கேள்வி. உள்ளே, கரையோரமாக, மீனவக் குடும்பங்கள் சிங்கிறாலைக் கூண்டுகளில் உயிரோடு வைத்திருந்தன. வியாபாரி வரும்வரை கூண்டு தண்ணீரில் கிடக்கும்.

காசிம் பாய் வளைகுடா வாயில் இரண்டு மீட்டர்களை இறக்கினார். ஒன்று மேல்மட்டத்தில், ஒன்று அடியில். மே மாதம். பத்தாம் நாள் வங்கக் கடலில் ஒரு புயல் உருவாகி, கரையைத் தொடாமல் வடக்கே போனது. இப்படிப் போகும் புயலுக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் மழை அதிகம் இருக்காது. காற்று மட்டும் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வளைகுடாவில் ஒரு பகலும் சில மணி நேரமும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, விடாமல் அடித்தது. மிதவையோடு மேல் மீட்டர் அறுத்துக்கொண்டு போய்விட்டது. அடி மீட்டர் தப்பியது.

நாடா அச்சானதும் சார் ஸ்கேலை வைத்து நகர்த்தத் தொடங்கினார். முதல் ஒன்பது நாட்களும் எதிர்பார்த்தபடி. ஆறு மணி நேரம் தண்ணீர் உள்ளே வரும், ஆறு மணி நேரம் வெளியே போகும். ஒரு தடவைக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் அதிகம், அதிலும் வெளியே போவது கொஞ்சம் கூடுதல். குழாய்க்கு ஆபத்தில்லை. பத்தாம் நாள் ஸ்கேல் நின்றது. அந்த இடத்திலிருந்து எண்பத்து நான்கு வரிகள், அதாவது பதினான்கு மணி நேரம், உள்ளே வெளியே என்ற மாற்றமே இல்லாமல் தண்ணீர் ஒரே திசையில் ஓடியிருந்தது. மேற்கே, கரையை நோக்கி. வழக்கத்தைப் போல மூன்று மடங்கு வேகத்தில்.

சார் காசிம் பாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“காசிம், காற்று எந்தப் பக்கம் அடிச்சது?”

“கரையிலேர்ந்து கடலுக்கு சார். நிக்க முடியல. லுங்கி பாய்மரம் மாதிரி ஆயிடுச்சு.”

“காற்று வெளியே தள்ளுது. தண்ணீர் உள்ளே வருதுன்னு உங்க மீட்டர் சொல்லுது. பதினாலு மணி நேரம்.”

“மேல போற தண்ணிக்குப் பதிலு கீழ வருது சார். காலியா இருக்குமா?”

“ரெண்டு பக்கத்துல இருந்தும் மேல்தண்ணியே வந்து நிரப்பலாமே. ஏன் அடியில வரணும்? காம்பஸ் மாட்டிக்கிச்சுன்னா இப்படித்தான் ஒரே திசை காட்டும்.”

“மெஷினு மேல பழி போடாதீங்க சார். ஒரு தபா தொட்டிக்கு வாங்க, காட்றேன். மரியதாசும் சொன்னாரு, காத்து அடிச்ச அன்னிக்கு கரைல தண்ணி ஐஸ் மாதிரி சில்லுனு கீதுன்னு. மே மாசத்துல! புக்குல எழுதிக்கினு வந்துருக்கேன்.”

மரியதாஸ் என்பவர் அந்த ஊர் படகுக்காரர். மீட்டரை இறக்க அவருடைய படகைத்தான் எடுப்பார்கள்.

சார் களப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். “இது கேள்விப்பட்டது, காசிம். நீங்க அளந்ததில்லை.” பிறகு நிதானமாகச் சொன்னார்: “எனக்கு ஒரு காரணம் குடுங்க, அடிக்க மாட்டேன். தொட்டிக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கு. வளைகுடாவுக்கு ஒரு பக்கம் இல்லை. தொட்டியில நடக்கறது அங்க நடக்கும்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

நியாயமான கேள்வி. காசிம் பாய் களப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சார் எண்பத்து நான்கு வரிகளுக்கும் சேர்த்துச் செங்குத்தாக ஒரு அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதினார்.

நான்கு நாள் கழித்து ஒரு மதியம் நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போனபோது காசிம் பாய் கூப்பிட்டார். தொட்டியின் ஒரு முனையில், கீழ்ப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய பெரிய ஃபேனை வைத்து, தண்ணீர் மேல் காற்று அடிக்க விட்டிருந்தார். என் மைப்புட்டி ஒன்று அவர் கையில்.

“பாரு” என்று மேலே ஒரு சொட்டு விட்டார். மை காற்றோடு மறுமுனைக்கு ஓடியது. பிறகு ஒரு மெல்லிய குழாயைத் தரைவரை இறக்கி அடியில் ஒரு சொட்டு விட்டார். அது மெதுவாக, புகை மாதிரி, ஃபேனை நோக்கித் திரும்பி வந்தது.

“இப்ப இன்னா சொல்ற?”

“நல்லாத் தெரியுது பாய்.”

“உங்க சாரு எறங்கி வந்து பாக்க மாட்டேன்றாரு. நீயாச்சும் சொல்லு. உன் பேச்சுக்கு மரியாத கீது.”

தலையாட்டிவிட்டு மேலே வந்தேன். சொல்லவேண்டியது என் மேஜையிலேயே இருந்தது.

அச்சடித்த காகிதம் மேஜையைவிட அகலம். அதனால் சார் எப்போதும் வலது ஓரத்தை உள்பக்கமாக மடித்து வைத்துத்தான் வேலை செய்வார். நேரம், வேகம், திசை, இந்த மூன்று பத்திகள் மேலே தெரியும். ஆலை கேட்டதும் அவ்வளவுதான். மடிப்புக்குள் நான்காவதாக ஒரு பத்தி உண்டு, நீரின் வெப்பநிலை. மீட்டர் அதையும் பதிந்துகொள்ளும். யாரும் கேட்காததால் யாரும் பார்ப்பதில்லை. புரூப் பார்த்த பழக்கத்தில் நான் மடிப்பைப் பிரித்தேன். எண்பத்து நான்கு வரிகள் தொடங்கும் இடத்தில் வெப்பம் இறங்கத் தொடங்கியிருந்தது. அவை முடிந்த பிறகு மெதுவாக ஏறியிருந்தது. காம்பஸ் மாட்டிக்கொண்டால் திசை நிற்கும், தண்ணீர் குளிராது. வெளிக்கடலின் அடியில் இருந்த குளிர்ந்த நீர் உள்ளே வந்திருக்கிறது. மரியதாஸ் காலில் பட்டதும் அதே நீர். சார் கேட்ட காரணம் மடிப்புக்குள் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். அந்த மீட்டரின் எண்களை வைத்து ஆறு ஷீட்டுகள், ஐந்து முடிந்திருந்தன. இந்தப் பதினான்கு மணி நேரத்தைச் சேர்த்தால் சராசரி மாறும், சராசரி மாறினால் ஆறையும் பிளேடால் சுரண்டித் திரும்ப வரைய வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை திருமழிசையில் என் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். மூத்த அண்ணி நான், போகாமல் இருக்க முடியாது. இவ்வளவுதான் காரணம். யாரும் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. வெப்பநிலையை வரையச் சொல்லவில்லை, நான் வரையவில்லை. மடிப்பை மடித்து வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கடைசி ஷீட்டில் சார் நீலப் பென்சிலால் காட்டியிருந்த புள்ளிக்கோட்டை மையில் போட உட்கார்ந்தேன். கீழே பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிக்கோடு போட ஒவ்வொரு துண்டுக்கும் பேனாவை எடுத்து வைக்க வேண்டும். மூன்று முறை பிசிறியது, மூன்று முறை சுரண்டினேன். மணி ஐந்தாகிவிட்டது, ரயில் ஐந்து முப்பத்தைந்துக்கு. வளைந்த கோடு போட உதவும் வளைகோல் ஒன்றை எடுத்து, முன்னாலிருந்த அலையையும் பின்னாலிருந்த அலையையும் பொருத்தி, ஒரே இழுப்பில் முழுக்கோடாகப் போட்டேன். அழகாக வந்தது. புயல் நாளில் வளைகுடா வழக்கம்போல உள்ளே வந்து வெளியே போனது.

சனிக்கிழமை காலை சார் எண்களை வாசித்தார், நான் “சரி சார்” சொன்னேன். பதினான்கு மணி நேரத்துக்கு எண் இல்லை. அவர் ஸ்கேல் அதைத் தாண்டிப் போனது. ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் கையெழுத்திட்டார். ‘கருவிக் கோளாறு’ என்ற குறிப்பு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் போனது. குழாய் போடுகிறவர்கள் கடைசிப் பக்கங்களைப் படிப்பதில்லை, ஷீட்டைத்தான் விரிப்பார்கள். அந்த முழுக்கோட்டில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கடைசிப் பக்கங்களைப் படித்தவர்கள் எங்கள் ஆட்கள். அடுத்த வேலைக்கு வேறு மீட்டர் வாங்கினார்கள். காசிம் பாயை ஸ்டோருக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் ஸ்டோரில் கயிறும் மிதவையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு வேலையை விட்டுப் போனார். பூந்தமல்லியில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

குழாய் போட்டு இரண்டாம் ஆண்டு, மே மாதக் கடைசியில், அலுவலகத்துக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. மரியதாஸ் எழுதியது. எழுத்து சாய்ந்து, வரி வரியாக ஏறி இறங்கியது. மேல்காற்று இரண்டு நாள் அடித்தது, கரையில் தண்ணீர் குளிர்ந்தது, மறுநாள் பார்த்தால் கூண்டுகளில் இருந்த சிங்கிறால் ஒன்றுகூட உயிரோடு இல்லை, கரையில் கால் வைத்தால் அரிக்கிறது. கடைசி வரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: ‘நீங்கள் மிசின் வைத்த வருசமும் தண்ணி இப்படித்தான் குளிந்தது, பாய் புக்கில் எழுதிக்கொண்டார், அதைப் பார்க்கவும்.’

சார் என்னிடம் பழைய காகிதத்தை எடுத்து வரச் சொன்னார். மேஜையில் விரித்து, பழக்கத்தில் வலது ஓரத்தை மடிக்கப் போனவர் கையை நிறுத்தினார். முழுவதையும் பிரித்தார். காகிதம் மேஜைக்கு வெளியே தொங்கியது. ஸ்கேலை முதல் வரியில் வைத்து எண்பத்து நான்கு வரிகளையும் நகர்த்தினார். நான் நின்றுகொண்டிருந்தேன். கீழே பிரஸ் விழுந்துகொண்டிருந்தது.

“விஜயா, இந்தப் பத்தியை அப்ப பார்த்தீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். “பார்த்தேன் சார்” என்றேன்.

அவர் ஸ்கேலைத் துடைத்து டிராயரில் வைத்தார். “நான் காரணம் கேட்டுக்கிட்டே இருந்தேனே” என்றார். அவ்வளவுதான். பிறகு அந்த ஷீட்டை எடுத்து என் முழுக்கோட்டை நெடுநேரம் பார்த்தார். 

அதுவரை எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்: சொல்லியிருந்தாலும் சார் கேட்டிருக்கமாட்டார். அன்றோடு அது போயிற்று. அவர் கேட்டிருப்பார்.

மேல்காற்று அடிக்கும் நாட்களில் கழிவை நிறுத்திவைக்க வேண்டும் என்று சார் ஆலைக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்ததாக எனக்குத் தெரியாது. மரியதாசுக்கும் எழுதினார், என்ன எழுதினார் என்று காட்டவில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார், சில ஆண்டுகளில் காலமானார். ஆலை பிறகு வேறு காரணங்களால் மூடப்பட்டது. அலுவலகம் எஸ்டேட்டை விட்டு மாறியபோது பழைய காகிதங்களை எடைக்குப் போட்டார்கள். அறிக்கையும் ஷீட்டுகளும் மட்டும் தப்பின. எண்கள் போய்விட்டன, என் கோடு இருக்கிறது.

நித்யா இரண்டாம் முறை பேசியபோது, அந்த எண்களின் நகல் ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நினைவில் இருப்பதை அளவாக ஏற்கமுடியாது என்பது இருவருக்கும் தெரியும். “அப்ப அந்த இடத்துல புள்ளிக்கோடுதான் மேடம் போடப்போறேன். ‘கருவிக் கோளாறு’ங்கற குறிப்ப எடுத்துடறேன். கம்ப்யூட்டரும் நீங்க சொன்ன மாதிரிதான் காட்டுது” என்றார்.

போனை வைத்ததும் காசிம் பாய் நினைவு வந்தது என்று எழுதினால் பொய். அவர் நினைவு எப்போதும் இருந்தது. ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். இத்தனை ஆண்டுகளில் கல்யாணத்துக்கும் துணி எடுக்கவும் அந்தப் பாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். இறங்கி அந்தக் கடையைத் தேடியதில்லை.

மறுநாள் காலை போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. வார்னிஷ் வாசனை. எழுபதைத் தாண்டிய மனிதர், ஒரு மோட்டாரின் வயிற்றில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, தண்ணி மோட்டரா? நாளிக்குத்தான் கெடைக்கும்” என்றார் நிமிராமல்.

“பாய், நான் விஜயா. எஸ்டேட் ஆபீஸ்.”

நிமிர்ந்து பார்த்தார். “அட, ஷீட்டு விஜயா! கண்ணாடி போட்டுகினு ஆளே மாறிட்ட. ஒக்காரு. அதுல ஒக்காராத, வார்னிஷ் கீது. இரு, எண்ணிக்க போயிடும்.” பக்கத்தில் கிடந்த அட்டையில் சாக்பீஸால் 142 என்று எழுதிவிட்டுக் கம்பியை ஆணியில் மாட்டினார். “சொல்லு. ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“அந்த மீட்டர் சரியாத்தான் வேலை செஞ்சது பாய்.”

எந்த மீட்டர் என்று அவர் கேட்கவில்லை.

“யாரு சொன்னா?”

“இப்ப ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாங்க. காற்று வெளியே அடிச்சா அடித்தண்ணி உள்ள வருது. கோளாறுங்கற குறிப்ப எடுத்துட்டாங்க.”

“அடேங்கப்பா. நான் சொன்னா கோளாறு, கம்ப்யூட்டரு சொன்னா கரீட்டு” என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு சொல்றேன் விஜயா. நானே அத்த நம்பல.”

“என்ன பாய்?”

“காம்பஸ புடிச்சுகினு ஒரு சின்ன ஸ்க்ரூ கீது. படகுல வெச்சு நான்தான் டைட் பண்ணேன். கடலு ஆடிகினு இருந்துச்சு. ஒரு சுத்து ஜாஸ்தி வெச்சுட்டேனோன்னு ஒரு டவுட்டு. எடுத்துகினு வந்ததும் மொதல்ல அத்த கழட்டிட்டேன். கழட்டி மாட்டினப்பறம் தொட்டில போட்டா நல்லாத்தான் சுத்தும். அது இன்னா சாட்சி? உங்க சாருகிட்ட அவ்ளோ சவுண்டு உட்டேன், உள்ளுக்குள்ள ஒதறல். முப்பது வருசமா அந்த ஸ்க்ரூவத்தான் திருப்பிகினு கீறேன். டைட்டா வெச்சனா, லூசா வெச்சனா.”

மடிப்புக்குள் இருந்த பத்தியைப் பற்றி அப்போது சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஆறு ஷீட்டு, நிச்சயதார்த்தம், மூன்று முறை பிசிறியது, முழுக்கோடு, மரியதாசின் கடிதம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.  ஒருவர் மிக்சி மோட்டாரோடு வந்து எட்டிப் பார்த்தார். “அப்பறம் வா நைனா” என்று பாய் அனுப்பிவிட்டார்.

நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தண்ணி எவ்ளோ எறங்குச்சு?”

“மூன்றரை டிகிரி பாய். இருபத்தொன்பது புள்ளி ஒண்ணுல இருந்து இருபத்தஞ்சு புள்ளி ஆறு.”

யோசிக்காமல் வந்துவிட்டது. அவர் என்னை நேராகப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

“புள்ளியோட ஞாபகம் வெச்சுகினு கீற” என்றார்.

பிறகு ஆணியிலிருந்து கம்பியை எடுத்து, அட்டையைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாக எண்ணத் தொடங்கினார்.

“நூத்தி நாப்பத்தி மூணு.”